பள்ளிக் கதவை மறுபடியும் திறந்த துர்காபாய் அம்மையார்

ஹைதராபாத் வித்யாநகரை ஒட்டி டி.டி. காலனி என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. சிவம் சாலைப் பக்கம் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த இடம். ஆட்டோக்காரர்களும் தபால்காரர்களும் அந்த இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அவை துர்காபாய் தேஷ்முக் என்ற பெயரின் முதலெழுத்துக்கள். சென்னையில் அடையாறுப் பக்கம் ஒரு சாலைக்கும் அதே பெயர்தான். டில்லியில் ஒரு மெட்ரோ ரயில் நிலையமும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூன்று நகரங்களிலும் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த அம்மையார் செய்த காரியம் என்ன என்று கேட்டால், சுதந்திரப் போராட்ட வீராங்கனை என்பதோடு பலர் முடித்துவிடுவார்கள். அது உண்மைதான் என்றாலும் பாதிதான். படிக்கவேண்டிய வயதில் படிக்க முடியாமல் போனவர்களுக்கு, வயது வந்தபின் படிக்க வழி உண்டா? பள்ளிக்கூடமும் சர்க்கார் அலுவலகமும் தங்களுக்கு ஏற்றவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களை வாசலோடு அனுப்பிவிடலாமா? இந்த இரண்டு கேள்விகளோடும் வாழ்நாள் முழுவதும் மல்லாடியவர் அவர்.

பிள்ளைப் பிராயம்

1909ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி கோதாவரிக் கரையில் உள்ள ராஜமுந்திரியில் துர்காபாய் பிறந்தார். தந்தை ராமராவ், தாயார் கிருஷ்ணவேணம்மா. அக்காலத்து வழக்கப்படி எட்டு வயதிலேயே உறவுக்காரப் பையனுக்கு மணமுடித்து வைத்தார்கள். விவரம் தெரிந்த வயதில், இந்த மணவாழ்க்கை தமக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். தகப்பனாரும் சகோதரரும் அவர் பக்கம் நின்றார்கள். ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த மனிதர் பிறகு வேறொரு பெண்ணை மணந்தார். அவர் காலமானபின் அந்தப் பெண்மணி ஆதரவின்றி நின்றபோது, கைத்தொழில் கற்றுத் தம் காலில் நிற்க வழிசெய்து கொடுத்தவர் துர்காபாய். பழைய கதையை மனதில் வைத்துக்கொள்ளாத சுபாவம் அது.

பள்ளிப் படிப்பு பன்னிரண்டாவது வயதோடு நின்றது. ஆங்கிலத்தின் வழியாகவே கற்கவேண்டும் என்ற ஏற்பாடு பிடிக்காமல் அவரே பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டார். வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. ராஜமுந்திரியிலேயே பெண்களுக்கென்று ஒரு ஹிந்திப் பாடசாலை தொடங்கி நடத்தினார்.

1921இல் காந்தியடிகள் காக்கிநாடா வந்தபோது, தேவதாசிப் பெண்களை அவர் சந்தித்துப் பேசவேண்டும் என்று துர்காபாய் ஆசைப்பட்டார். வேண்டுமானால் 5,000 ரூபாய் நிதி திரட்டிக் கொடு என்று உள்ளூர்ப் பிரமுகர்கள் சொன்னார்களாம். அந்தச் சிறுமி பணத்தைத் திரட்டிக் கூட்டத்தையும் நடத்திக் காட்டினாள். 1923இல் காக்கிநாடா காங்கிரஸ் மகாசபையில் கதர்க் கண்காட்சி வாசலில் தொண்டராக நின்றபோது, டிக்கெட் இல்லாமல் வந்த ஜவாஹர்லால் நேருவையே உள்ளே விட மறுத்தார். டிக்கெட் வாங்கி வந்தபின்தான் வழி விட்டார். அப்போது அவருக்கு வயது பதினான்கு.

சிறையில் கற்ற பாடம்

1930இல் உப்பு சத்தியாக்கிரகம் தொடங்கியபோது துர்காபாய் சென்னையில் முன்வரிசையில் நின்றார். 1930க்கும் 1933க்கும் இடையில் மூன்று முறை சிறை சென்றார். வேலூர், மதுரைச் சிறைச்சாலைகள் அவருக்குப் பழக்கமாயின. மதுரையில் ஓராண்டுக் காலம் தனிமைச் சிறை. உடல்நலம் வெகுவாகக் கெட்டது.

சிறையில் அவரை உலுக்கிய விஷயம் தம் சொந்தக் கஷ்டமல்ல. உடன் இருந்த பெண் கைதிகளில் பலர் எழுத்தறிவில்லாதவர்கள். தங்கள்மேல் சாட்டப்பட்ட குற்றம் என்ன, நீதிமன்றத்தில் நடந்தது என்ன, எதற்காகக் கைநாட்டு வைத்தோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. எழுதவும் படிக்கவும் தெரியாதவர் முன்னால் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால், சட்டம் தன் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறது. இவர்களுக்காகப் பேசவேண்டுமானால் சட்டம் படித்தாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

ஆனால் சட்டக் கல்லூரிக்குள் நுழையப் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு இன்டர்மீடியட் வேண்டும். அதற்கு மெட்ரிகுலேஷன் வேண்டும். அவர் கையில் எதுவும் இல்லை. வயதோ இருபத்துநான்கு ஆகிவிட்டது.

வயது வந்தபின் மாணவி

பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவர் இருபத்துநான்கு வயதில் மறுபடி புத்தகத்தை எடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழி அவருக்குத் தோதாக இல்லை. காசி ஹிந்து சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையைத் தனியாகப் படித்து எழுத முடியும் என்று தெரியவந்தது. அந்த வாசல் வழியாக நுழைந்தார். இன்டர்மீடியட் படிப்பும் அங்கேயே முடிந்தது.

அடுத்தது ஆந்திரப் பல்கலைக்கழகம். வால்டேரில் பெண்களுக்கு விடுதி கிடையாது. ஆகையால் சேர்த்துக்கொள்ள இயலாது என்ற பதில் வந்தது. துர்காபாய் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். படிக்க விரும்பியும் விடுதி இல்லாததால் தயங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள். அவர்களே ஒரு விடுதியை ஏற்படுத்திக்கொண்டார்கள். அப்புறம் மறுப்பதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. அங்கே அரசியல் விஞ்ஞானம் படித்து முடித்துச் சென்னைக்கு வந்து சட்டம் பயின்றார். 1942இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

தாம் ஏறிய ஏணியைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விடவில்லை அவர். 1937இலேயே சென்னையில் ஆந்திர மகிளா சபை உருவாகிவிட்டது. அதன் ஆரம்பம் மிகச் சிறியது. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்து, காசிப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் முதல் வேலை. வந்தவர்களில் பலர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், சிலர் கணவரை இழந்தவர்கள், சிலர் கைவிடப்பட்டவர்கள். பாடம் சொன்னவரும் அண்மையில்தான் அந்தப் பாடத்தைத் தாண்டி வந்தவர். ஆகவே எங்கே தடுக்கும், எங்கே பயம் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

டில்லி தர்பாரில்

1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சபையை நடத்தும் தலைவர்கள் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண்மணி அவர். ராஜ்ய சபைக்கு உறுப்பினராகும் வயது 35 என்றிருந்ததை 30 ஆகக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. அந்தச் சபை இயற்றிய அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் குடிமக்களுக்கு அரசு உதவி கிடைக்க வழிசெய்யவேண்டும் என்று சொல்கிறது. அந்த வாசகத்தைக் காகிதத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவரும் வேலை விரைவிலேயே அவர் தலையில் விழுந்தது.

1952 பொதுத் தேர்தல் அவருக்குத் தோல்வியாக முடிந்தது. அதோடு அரசியல் வாழ்வு அஸ்தமித்தது என்று எண்ணியவர்கள் உண்டு. நேரு அவரைத் திட்டக் கமிஷன் உறுப்பினராக அழைத்துக்கொண்டார். அங்கே நிதி மந்திரியாகவும், அதற்கு முன் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னராகவும் இருந்த சி.டி. தேஷ்முக்குடன் பழக்கமாயிற்று. 1953 ஜனவரி 22ஆம் தேதி இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் நேருவும் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் வாசலில் தம்மை நிறுத்திவைத்த சிறுமியை அவர் மறந்திருக்க மாட்டார்.

1953 ஆகஸ்டில் மத்திய சமூகநல வாரியம் ஏற்பட்டது. துர்காபாய் அதன் முதல் தலைவர். பெண்கள், குழந்தைகள், உடலாலும் மனத்தாலும் குறையுற்றவர்கள் ஆகியோருக்காகப் பாடுபடும் தொண்டு ஸ்தாபனங்களுக்குச் சர்க்கார் பணம் போய்ச் சேரவேண்டும் என்பது நோக்கம். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்கு 4 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதுவரை தொண்டு என்பது தனவான்களின் தயவாக இருந்தது. இனி அது அரசின் கடமைகளில் ஒன்று என்ற நினைப்பு அப்போதுதான் வேர்பிடித்தது.

இரண்டாண்டுப் பாடத்திட்டம்

கிராமங்களில் வேலை தொடங்கியபோது ஒரு முட்டுக்கட்டை தெரிந்தது. கிராம சேவகிகள் வேண்டும், நர்சுகள் வேண்டும், ஆசிரியைகள் வேண்டும். ஆனால் அந்தக் கிராமங்களிலேயே பிறந்து வளர்ந்த பெண்களில் அதற்கு வேண்டிய படிப்பு உள்ளவர்கள் அரிது. நகரத்திலிருந்து அனுப்பினால் தங்கமாட்டார்கள். கிராமத்துப் பெண்ணோ இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்து நின்றவள். இருபது வயதைக் கடந்துவிட்டாள். மறுபடி மூன்றாம் வகுப்பில் சின்னக் குழந்தைகளோடு உட்கார முடியுமா?

இதற்கு விடையாகத்தான் 1958இல் வயது வந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டத்தை வாரியம் தொடங்கியது. வயது வந்தவளுக்கு உலக அனுபவம் இருக்கிறது. கணக்கும் சுகாதாரமும் அவள் வாழ்க்கையிலேயே கலந்திருக்கின்றன. ஆகையால் குழந்தைக்குப் பல ஆண்டுகள் எடுக்கும் பாடத்தை அவளுக்கு இரண்டாண்டில் தரலாம் என்பது அடிப்படை. ஆங்காங்கே உள்ள தொண்டு ஸ்தாபனங்கள் வகுப்புகளை நடத்தின. வாரியம் மானியம் கொடுத்தது. தங்கிப் படிக்கும் வசதியும் பல இடங்களில் இருந்தது. முடிவில் அவர்கள் மெட்ரிகுலேஷன் அல்லது நடுநிலைப் பள்ளிப் பரீட்சை எழுதினார்கள்.

ராஜமுந்திரிச் சிறுமி தட்டுத்தடுமாறிக் கடந்த வழி, சர்க்கார் சாலையாகவே போடப்பட்டுவிட்டது. அதே 1958இல் பெண் கல்வி பற்றிய தேசியக் கமிட்டிக்கும் அவர் தலைமை தாங்கினார். கமிட்டியின் சிபாரிசுப்படி அமைந்த தேசியப் பெண் கல்விக் கவுன்சிலின் முதல் தலைவராகவும் இருந்தார். 1962இல் சமூக அபிவிருத்திக் கவுன்சிலை டில்லியில் நிறுவினார்.

கண்ணும் காலும்

பெண்களோடு அவருடைய அக்கறை நின்றுவிடவில்லை. பார்வையற்றோர் நிவாரணச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது இரண்டு காரியங்கள் செய்தார். பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியோடு கூடிய பள்ளி ஒன்று. பெரியவர்கள் வேலை செய்ய இலகு ரகப் பொறியியல் பட்டறை ஒன்று. இரண்டாவது காரியம்தான் கவனிக்கத் தக்கது. ஊனமுற்ற குழந்தையைப் பார்த்து இரக்கப்படுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அந்தக் குழந்தை வளர்ந்து ஆளானபின் என்ன செய்யும் என்று கேட்கிறவர்கள் குறைவு. பட்டறை அந்தக் கேள்விக்குப் பதில். கூடை முடைவதும் நாற்காலி பின்னுவதும் மட்டுமே பார்வையற்றோருக்கு உரிய தொழில் என்று எண்ணியிருந்த காலத்தில், இயந்திரத்தின் முன் அவர்களை உட்காரவைத்தது பெரிய மாறுதல்.

சென்னை அடையாறில் மகிளா சபையின் வளாகத்தில், கால் கை முடங்கிய குழந்தைகளுக்கான எலும்பு முறிவு மற்றும் மறுவாழ்வு நிலையமும் பின்னர் வளர்ந்தது. போலியோ நாட்டை வாட்டிய காலம் அது.

ஹைதராபாத் நாட்கள்

கணவர் பல்கலைக்கழக மானியக் கமிஷன் தலைவராகவும், 1962 முதல் 1967 வரை டில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்து ஓய்வு பெற்றார். அதன் பின் தம்பதிகள் ஹைதராபாத்தைத் தங்கள் ஊராக்கிக்கொண்டார்கள். ஆந்திர மகிளா சபையின் ஹைதராபாத் கிளை உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி விரிந்தது. மருத்துவமனை, பெண்கள் கல்லூரி, கைத்தொழில் பயிற்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதியோர் கல்விக்கென்று எழுத்தறிவு இல்லம் ஒன்றும் 1970களில் வேலை செய்தது. வயது வந்தவர்களுக்கான பாடநூல்களைத் தயாரிப்பதும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும் அதன் பணி. எழுத்தறிவுப் பணிக்காக நேரு பரிசும் யுனெஸ்கோ பரிசும் அவரைத் தேடி வந்தன. 1975இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

1981 மே 9ஆம் தேதி துர்காபாய் காலமானார். அடுத்த ஆண்டு காந்தி ஜயந்தி தினத்தன்று தேஷ்முக்கும் ஹைதராபாத்தில் மறைந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து

அம்மையார் காலமான மறு ஆண்டே, 1982இல், இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஹைதராபாத்தில் பிறந்தது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் தகுதித் தேர்வு எழுதிப் பட்டப் படிப்பில் சேரலாம் என்று அது கதவைத் திறந்தது. இப்போது அது அம்பேத்கர் பெயரில் இயங்குகிறது. 1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. 1953இல் சீனா சென்று அங்கே பார்த்து வந்ததிலிருந்து அவர் வற்புறுத்திவந்த விஷயம் அது. அதே 1984இல் மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் செகந்தராபாத் மனோவிகாஸ் நகரில் அமைந்தது. பெயர் பின்னர் மாறினாலும், சிறப்பாசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயிற்சி தரும் வேலை தொடர்கிறது. மகிளா சபையும் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சி மறுவாழ்வு மையம் ஒன்றை ஹைதராபாத்தில் அம்மையார் பெயராலேயே ஏற்படுத்தியது.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாகவேண்டும். அம்மையாரின் சுருக்கக் கல்வித் திட்டம், வறுமையாலும் வழக்கத்தாலும் படிப்பை இழந்தவர்களுக்கானது. அவர்கள் வேகமாகக் கற்கக்கூடியவர்கள், வாய்ப்புதான் இல்லை. அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவருக்கோ, எழுத்துக் கூட்டுவதிலும் கணக்கிலும் கற்றல் குறைபாடு உள்ளவருக்கோ தேவை நேர் எதிரானது. அவர்களுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். ஆனால் இரண்டுக்கும் அடிநாதம் ஒன்றே. ஆளை ஏற்பாட்டுக்குத் தகுந்தபடி வெட்டித் தைக்கக் கூடாது. ஏற்பாட்டைத்தான் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றவேண்டும்.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றுக்கொண்டது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்து, வயது வந்த பின்னும் ஆதரவு தேவைப்படுவோருக்குக் காப்பாளர் நியமிக்க வழிசெய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக விரித்தபோதுதான் கற்றல் குறைபாடும் இடம்பெற்றது. உயர்கல்வியில் 5 சதவீத இடங்களும், அரசு வேலைகளில் 4 சதவீத இடங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்படுகின்றன. தகுதியுள்ள தேர்வர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தரவேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

விதி இருந்தும் வாசலில் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதினெட்டு வயதோடு சிறப்புப் பள்ளி முடிந்துவிடுகிறது. அதன்பின் மகனையோ மகளையோ வீட்டில் வைத்துக்கொண்டு, தங்களுக்குப் பின் யார் என்று கவலைப்படாத பெற்றோர் இல்லை. வங்கியில் கணக்குத் தொடங்கப் போனால், குமாஸ்தா கூட வந்தவரிடம்தான் பேசுகிறார். கணக்குக்கு உரியவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரே மூச்சில் நான்கு விஷயங்களைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். விண்ணப்பத்தை வாசித்துக் காட்ட ஆளில்லை. இவற்றைச் சரிசெய்யக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒவ்வொன்றாக, எளிய சொல்லில், அவருக்குப் புரிந்ததா என்று கேட்டுக் கேட்டுச் சொல்லும் பொறுமை இருந்தால் போதும். கையெழுத்து வாங்கும் முன் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதை விளக்கினால் போதும்.

வேலூர்ச் சிறையில் கைநாட்டு வைத்த பெண்களுக்கு அந்த ஒரு விளக்கம் கிடைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி மறுபடி பாடப் புத்தகத்தைத் திறந்தாள். டி.டி. காலனியைக் கடந்து போகிறவர்கள் அந்த இரண்டு எழுத்தைச் சொல்லும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், அம்மையாருக்குச் செய்யும் அஞ்சலி அதுவாகவே இருக்கும்.